ஸ்பீக்கரில் இரைச்சல்: எர்த்தைக் கழற்றலாமா? (வன்னியில் ஒரு வீட்டு ஒலிப்பதிவு அறை)

6 யூலை 2025, கேள்வி

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டின் பின் அறையை ஒலிப்பதிவு அறையாக்கி இருக்கிறேன். கோயில் பாட்டு, கூத்துப் பாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாணி விழாப் பாட்டு, இதுதான் வேலை. லப்டொப், இரண்டு மைக் பூட்டக்கூடிய இன்டர்ஃபேஸ் (மைக் சத்தத்தை லப்டொப்புக்குள் கொடுக்கிற பெட்டி), அடப்ரரில் ஓடுகிற பழைய மிக்சர், பவர் ஸ்பீக்கர் ஒரு சோடி, ஓகன். எல்லாவற்றையும் போட்டவுடன் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. லப்டொப் சாஜரைக் கழற்றினால் நிற்கிறது. வயரிங் செய்கிற அண்ணை ஒருவர் வந்து ஸ்பீக்கர் பிளக்குகளைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டார். சத்தம் போய்விட்டது. கனடாவில் இருக்கிற மச்சான் பவர் கண்டிஷனர் வாங்கச் சொல்கிறார். என்னுடைய கருத்து, பாட்டு வேலைக்கு எர்த் தேவையே இல்லை, இரைச்சலைக் கொண்டுவருவதே அதுதான். சரியா?

6 யூலை, இரவு

பாதி சரி. இரைச்சல் எர்த் வழியாகச் சுற்றி வருகிறது, அது உண்மை. அதனால் எர்த்தைக் கழற்றலாம் என்பது ஆளைக் கொல்கிற யோசனை. அந்த வயர்களை இன்றைக்கே திரும்பப் பூட்டுங்கள். மிச்சத்தை அதன் பிறகு வாசித்தால் போதும்.

ஸ்பீக்கருக்குள் லைவ் வயர் அறுந்து தகட்டில் முட்டினால், எர்த் இருக்கும்போது கரண்ட் அந்த வழியே மண்ணுக்குப் போகும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே ரிப் சுவிச் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் தகட்டிலேயே நிற்கும். அங்கிருந்து ஓடியோ கேபிளின் உறைக் கம்பி (உள் வயரைச் சுற்றியுள்ள பின்னல்) வழியாக மிக்சருக்கு, மிக்சரிலிருந்து மைக்குக்கு. அந்த நேரம் லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் அறையில் வேறு எர்த்தே கிடையாது. பாடுகிறவரின் உதடு மைக் வலையில், வெறுங்கால் சீமெந்து நிலத்தில். எர்த் கம்பியின் வேலையை அவர்தான் செய்வார்.

ஒரு கோயில் திருவிழாவில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜெனரேற்றரில் ஓடிய செட், எர்த் எதுவும் அடிக்கவில்லை. பாடகர் மைக்கில் வாய் வைத்தவுடன் தலையைப் பின்னுக்கு வெட்டி இழுத்து ஓர் அலறல் அலறினார். உரு வந்துவிட்டது என்று முன்வரிசையில் இருந்த சனம் கும்பிட்டது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது லைவும் நியூட்ரலும் மட்டும். எர்த் என்பது உங்கள் வளவு மண்ணில் நீங்கள் அடித்த றொட். அந்த மண்ணின் தடை 20 ஓம் என்றால் முழு 230 வோல்ட்டும் பாய்ந்தாலும் 11.5 அம்பியர்தான் போகும். 32 அம்பியர் பிரேக்கர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்காது. ஆகவே எங்களைக் காப்பாற்றுவது எர்த் றொட்டும் ரிப் சுவிச்சும் சேர்ந்துதான். ஒன்றைக் கழற்றினால் மற்றதற்குப் பாதி வேலை போய்விடும்.

7 யூலை

சரி, இரைச்சலுக்கு வருவோம். எதையும் வாங்க முன்பு அது என்ன சுருதி என்று கேளுங்கள். நீங்கள் பாட்டுக்காரர், காது இருக்கிறது.

எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஓகனில் இடது கைப்பக்கம் அடியில் இருக்கிற ஜீ சுரத்தை அழுத்துங்கள், சாதாரண 61 கட்டை ஓகனில் அது 98 ஹேர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஜீ 49. இரைச்சல் அந்த ஜீயை விடக் கொஞ்சம் கூர்மையாக, ஜீ ஷார்ப்புக்குப் போகாமல் நடுவில் நின்றால் அது கரண்டின் சுருதி. மெதுவாக ‘ம்ம்ம்’ என்றால் 50இன் பக்கம்: எர்த் சுற்று (எர்த் வயர்களும் கேபிள்களும் சேர்ந்து வட்டமாவது), அல்லது ட்ரான்ஸ்ஃபோமரின் காந்தப் புலம். ‘ஸ்ர்ர்ர்’ என்று பல்லுப் பல்லாகக் கேட்டால் 100உம் அதன் மடங்குகளும்: அடப்ரருக்குள் கப்பாசிற்றர் கிழடாகி இருக்கலாம், மின்விசிறி ரெகுலேற்றராகவும் இருக்கலாம். கீச்சென்ற மெல்லிய ஊளை என்றால் அது வேறு கதை, யூஎஸ்பி பக்கம்.

ஃபோனில் இலவசமாகக் கிடைக்கிற ஸ்பெக்ட்ரம் செயலி ஒன்றைப் போட்டுக் கூர்முனை எங்கே நிற்கிறது என்று பார்த்தாலும் போதும். ஆனால் ஃபோன் மைக்குக்கு 50 சரியாகக் கேட்காது. பதிவுசெய்து லப்டொப்பில் பார்ப்பது நல்லது.

7 யூலை, பிறகு

சோதிக்கிற ஒழுங்கு: ஸ்பீக்கரை மட்டும் கரண்டில் போடுங்கள், சிக்னல் வயர் எதுவும் இல்லாமல். அமைதி என்றால் மிக்சர் வயரைப் பூட்டுங்கள். பிறகு இன்டர்ஃபேஸ், பிறகு லப்டொப், கடைசியில் சாஜர். எதைப் பூட்டும்போது இரைச்சல் வருகிறதோ அங்கேதான் அந்தச் சுற்று முழுமையாகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் வொலியூமைக் குறைத்துவிட்டுப் பூட்டுங்கள். கூம்பு கிழிந்தால் என்னிடம் வர வேண்டாம்.

9 யூலை

ஜீக்குக் கொஞ்சம் மேலே, சாஜர் பூட்டினால் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். லப்டொப்பை ஹோல் சுவரிலிருந்து எக்ஸ்ரென்சன் இழுத்து ஓட்டுவதாகவும், ஸ்பீக்கர்களுக்குப் பின் அறைச் சுவர் பிளக் என்றும். படம் தெளிவாகிவிட்டது.

உங்கள் சாஜர் மூன்று பின். அதன் எர்த் லப்டொப்புக்கு, லப்டொப்பிலிருந்து யூஎஸ்பி வயரால் இன்டர்ஃபேஸுக்கு, அங்கிருந்து மிக்சர், மிக்சரிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கர் பிளக்கின் எர்த்தால் பின் அறைச் சுவருக்கு, சுவருக்குள்ளால் ஹோல் வரை திரும்பி வந்து ஒரு வட்டம். வீட்டைச் சுற்றிப் போட்ட ஒரே சுற்றுக் கம்பிச் சுருள் அது. பக்கத்தில் ஓடுகிற கரண்டின் காந்தப் புலம் எல்லாம் அதற்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். ஃபிரிட்ஜிலும் ரீவியிலும் இருந்து எர்த்தில் கசிகிற சின்னக் கரண்டும் அதில் ஒரு பங்கைப் பிடித்து ஓடும். அந்த ஓட்டம் போகிற வழியில் உங்கள் ஓடியோ கேபிளின் உறைக் கம்பியும் இருப்பதால் பாட்டோடு சேர்ந்து கேட்கிறது.

முதல் மருந்துக்குக் காசு இல்லை. லப்டொப், ஸ்பீக்கர், மிக்சர், ஓகன் எல்லாவற்றையும் பின் அறையின் ஒரே சுவர் பிளக்கிலிருந்து, நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்ரென்சனில் ஓட்டுங்கள். தாங்குமா என்று பயப்பட வேண்டாம். 13 அம்பியர் பிளக் கிட்டத்தட்ட 3000 வாட் தரும், உங்கள் சாமான்கள் எல்லாம் சேர்ந்து 300 வாட் வந்தாலே அதிகம். கேத்தலை மட்டும் அதில் போடாதீர்கள். ஓடியோ வயரையும் கரண்ட் வயரையும் ஒன்றாகக் கட்டி அழகு பார்க்க வேண்டாம். குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும்.

12 யூலை

‘பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.’ எதிர்பார்த்ததுதான். இனி கேபிள்.

மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஜாக்கை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையம் ஒன்றென்றால் சாதாரண வயர், இரண்டென்றால் பலன்ஸ்ட் வயர். சாதாரண வயரில் உறைக் கம்பிக்கு இரண்டு வேலை: சிக்னலின் திரும்பு பாதையும் அதுதான், எர்த்தும் அதுதான். எர்த்தில் ஓடுகிற இரைச்சல் அப்படியே பாட்டில் கலக்கும். பலன்ஸ்ட் வயரில் பாட்டு இரண்டு உள் வயர்களுக்கு இடையிலான வித்தியாசமாகப் போகிறது. இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறுவதால் கழித்துப் பார்க்கும்போது காணாமல் போகும். உறைக்கு எர்த் வேலை மட்டும்.

உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் மைக் வயர் பூட்டுவது போன்ற மூன்று பின் ஓட்டை இருக்கிறதல்லவா, அதைப் பாவியுங்கள். இன்டர்ஃபேஸின் பின்னால் இரண்டு பலன்ஸ்ட் அவுட் இருந்தால் ஸ்பீக்கரை நேரே அதில் பூட்டுங்கள். அந்தப் பழைய மிக்சருக்கு இந்த வழியில் என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளுக்கு ஹெட்ஃபோன் பிரித்துக் கொடுக்க வைத்திருங்கள்.

ஓகனிலிருந்து வருவது சாதாரண வயர்தான், அதற்கு வேறு வழியில்லை. நீளம் மூன்று மீற்றருக்குள் வைத்திருங்கள். அதற்கும் இரைந்தால் ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள டிஐ பெட்டி (சாதாரண வயரில் வருவதைப் பலன்ஸ்ட் ஆக்குவது) ஒன்று. அதன் பக்கத்தில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சின்னச் சுவிச் இருக்கும். அது கழற்றுவது சிக்னல் வயரின் உறையை, பிளக்கின் எர்த்தை அல்ல. வயரிங் அண்ணை செய்ய நினைத்ததை ஆபத்தில்லாமல் செய்கிற இடம் இதுதான்.

மச்சானுக்கு: பவர் கண்டிஷனர் கரண்டோடு வருகிற குப்பையை வடிகட்டும், ஓரளவுக்கு. இந்த வட்டம் சுவருக்குள்ளும் கேபிளுக்குள்ளும் இருக்கிறது. கண்டிஷனர் அதைத் தொடாது. அந்தக் காசுக்கு நல்ல கேபிளும் டிஐ பெட்டியும் வாங்கி மிச்சமும் இருக்கும்.

12 யூலை, இரவு

மேலே உள்ளதை வாசித்துவிட்டு, கேபிளின் ஒரு முனையில் உறையை வெட்டிவிட்டால் எல்லாம் சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்பீக்கருக்குப் போகிற பலன்ஸ்ட் வயரில் ஸ்பீக்கர் பக்கம் வெட்டினால் சில வேளை சரி. மைக் வயரில் வெட்டவே கூடாது. கொண்டென்சர் மைக்குக்குப் போகிற 48 வோல்ட் திரும்பி வருவது முதலாம் பின்னில் உள்ள அந்த உறையால்தான். வெட்டினால் மைக் செத்தது போல் இருக்கும், மைக் பழுதென்று நினைத்து கொழும்புக்கு அனுப்புவீர்கள்.

சில சாமான்கள் கேபிள் எவ்வளவு நல்லதென்றாலும் இரையும். முதலாம் பின்னைப் பெட்டியின் தகட்டில் பூட்டாமல் உள்ளே சேர்க்கிற்றின் எர்த்தில் பூட்டியிருப்பார்கள். உறையில் வருகிற குப்பை நேரே அம்பிளிஃபயருக்குள் போகும். நீல் மன்சி என்பவர் 1995இல் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் ‘பின் 1 பிரச்சினை’ என்ற பெயரே பரவியது. 2005இல் ஓடியோ இன்ஜினியர் சங்கம் ஏஈஎஸ் 48 என்று ஒரு தரமும் போட்டது. மலிவுச் சாமான் செய்கிறவர்கள் எல்லாரும் அதை வாசித்தார்கள் என்று சொல்ல முடியாது.

15 யூலை

கிளிநொச்சிக்காரர் கேட்டது: இரைச்சல் இல்லை, மவுஸை அசைத்தால் ‘கீ’ என்று மெல்லிய ஊளை.

அது யூஎஸ்பி. பழைய வேக யூஎஸ்பி 1 மில்லி வினாடிக்கு ஒரு தடவை தகவலைக் கட்டிக் கட்டி அனுப்பும், அதனால் 1000 ஹேர்ட்ஸ் ஊளை. வேகமான யூஎஸ்பி 2 என்றால் 125 மைக்ரோ வினாடிக்கு ஒன்று, 8000 ஹேர்ட்ஸ். கிராஃபிக்ஸ் வேலை ஏறும்போது சுருதி மாறி மாறிக் கேட்கும். லப்டொப்பின் மறுபக்க ஓட்டையில் பூட்டிப் பாருங்கள், ஸ்பீக்கருக்குப் பலன்ஸ்ட் வயர் போடுங்கள். ‘யூஎஸ்பி ஐசொலேற்றர்’ என்று இணையத்தில் மலிவாக விற்பதை வாங்க முன்பு வேகத்தைப் பாருங்கள். மலிவானவற்றில் பல 12 மெகாபிட் மட்டும் தாங்கும். உங்கள் இன்டர்ஃபேஸுக்கு 480 வேண்டுமென்றால் அது கண்ணே திறக்காது.

உங்கள் மற்றக் கேள்வி, லப்டொப் தகட்டில் விரலின் பின்பக்கத்தால் தடவினால் கூசுகிறது என்பது. அது இரண்டு பின் சாஜர், அல்லது மூன்று பின்னாக இருந்தும் எர்த் சேராத பிளக். உள்ளே இருக்கிற வடிகட்டிக் கப்பாசிற்றர்கள் எர்த் இல்லாதபோது தகட்டைப் பாதி வோல்ட்டில், கிட்டத்தட்ட 115இல் மிதக்க வைக்கும். கரண்ட் மிகச் சிறியது, அதனால் கூச்சத்தோடு போகிறது. மூன்று பின் சாஜரில் அப்படிக் கூசினால் உங்கள் சுவர் பிளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பியுங்கள்.

20 யூலை

விலகிப் போகிறோம், போகட்டும். ‘பற்றரியில் ஓட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லையே’ என்கிறார் ஒரு மூத்தவர். ஓம் ஐயா, நீங்கள் சொல்வது எந்தக் காலம் என்று விளங்குகிறது. கரண்டே இல்லாத வருசங்களில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட ஊர் இது. சுற்றுகிற பெடியன் களைத்தால் பாடகரும் களைத்தார். எர்த் பிரச்சினை மட்டும் இருக்கவில்லை.

இன்றைக்கும் அது நல்ல வழிதான். குரலைப் பதியும்போது லப்டொப்பைப் பற்றரியில் விடுங்கள், சாஜரைப் பிறகு பூட்டுங்கள். ஆனால் இன்வேர்ட்டர் பற்றரி வேறு. 2022இல் மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் சனம் கையில் கிடைத்த இன்வேர்ட்டரை எல்லாம் வாங்கியது. அவற்றில் பல படிப் படியாக வெட்டிய அலை தருகிறவை. மின்விசிறிக்குப் போதும், ஒலிப்பதிவுக்கு ‘ஸ்ர்ர்ர்’. வாங்குவதென்றால் சுத்த சைன் அலை என்று எழுதியிருக்க வேண்டும்.

போன பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு ஏறி நாட்டுக்கே கரண்ட் போன அன்று என் அறையில் கேட்ட அமைதியை நான் இன்னும் எந்தக் கேபிளாலும் எட்டவில்லை.

3 ஓகஸ்ட்

ஒட்டுசுட்டான் தம்பி திரும்பி வந்திருக்கிறார். இன்டர்ஃபேஸிலிருந்து நேரே பலன்ஸ்ட் வயர், எல்லாம் ஒரே பிளக். ‘ம்ம்ம்’ போய்விட்டது. இப்போது புதிதாக ஒன்று: இரவில் மட்டும் பதிவில் ‘டிக்… டிக்… டிக்’. சுவர் மணிக்கூட்டைக் கழற்றி வெளியே வைத்தும் கேட்கிறதாம். ஃபிரிட்ஜ் என்று ஒருவர், லைன் பழுது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் ஒழுங்காக டிக்காது. ஒரு தரம் போடும், ஒரு தரம் நிற்கும். லைனில் இன்சுலேற்றர் பொறிந்தால் ‘ஸ்ர்ர்’ என்று 100இல் கேட்கும், பகலிலும் கேட்கும். ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடிய இடைவெளி, பொழுது பட்டவுடன் தொடங்கி விடிய நிற்பது என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். யானை வேலி.

வேலி மெஷின் தொடர்ந்து கரண்ட் விடுவதில்லை. ஆயிரக்கணக்கான வோல்ட்டில், கண்ணிமைக்கிற நேரத்தை விடக் குறைந்த துடிப்பாக அடிக்கும். துடிப்புக்குத் துடிப்பு குறைந்தது ஒரு வினாடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. தொட்ட ஆளும் மிருகமும் விலக அந்த இடைவெளி வேண்டும். (மெயின் கரண்டை நேரே கம்பியில் பூட்டுகிறவர்களுக்கு இங்கே பதில் சொல்ல மாட்டேன். அது வேலி அல்ல, கொலை. சட்டப்படியும் குற்றம்.)

சின்ன ட்ரான்சிஸ்ரர் ரேடியோ ஒன்றை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடங்கள். டிக் எந்தப் பக்கம் பெரிதாகிறதோ அங்கே கம்பியில் புல்லோ கொடியோ முட்டிப் பொறி பறக்கும். வேலியைத் தொட வேண்டாம், யானையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6 ஓகஸ்ட்

கண்டுபிடித்துவிட்டார். டிக் பெரிதாகக் கேட்டது வேலிப் பக்கம் இல்லை, வீட்டுச் சுவரோடு, எர்த் றொட் அடித்த மூலையில். பக்கத்துத் தென்னங்காணிக்குப் போட்ட வேலி மெஷினின் எர்த் வயரைத் தனி றொட் அடிக்காமல் வீட்டு றொட்டிலேயே கிளிப் போட்டு விட்டிருக்கிறார்கள். புல் முட்டிய கம்பியிலிருந்து ஒவ்வொரு துடிப்பும் மண்ணால் திரும்பி அந்த றொட்டுக்கு வரும், வீட்டின் எர்த் முழுவதும் ஒரு கணம் மேலே தூக்கிப் போடும். ஸ்பீக்கரும் லப்டொப்பும் அதோடு சேர்ந்து துள்ளும்.

வேலிக்குத் தனி றொட், வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி. இதுவும் அதே விதியில் இருக்கிறது. பாட்டுக்காக மட்டுமில்லை, வேலியில் மின்னல் விழுந்தால் அது உங்கள் ஃபிரிட்ஜுக்குள் வரக்கூடாது.

24 ஓகஸ்ட்

றொட் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ‘நல்ல எர்த் அடித்தால் இரைச்சல் போகுமா?’ போகாது. லப்டொப் பற்றரியில் ஓடும்போது அதற்கு எர்த்தே இல்லை, சத்தமும் இல்லை. றொட் உயிருக்கு, வட்டத்தை உடைப்பது காதுக்கு. இரண்டையும் குழப்பித்தான் வளவெல்லாம் செம்புக் கம்பியைப் புதைக்கிறார்கள்.

ஆனாலும் றொட்டைப் பாருங்கள், இப்போது கோடை உச்சம். மேல்மண் வெடித்துக் கிடக்கிறது. ஈரம் போனால் மண்ணின் தடை ஏறும். 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச்சுக்குக் கணக்குப்படி 1667 ஓம் வரை போதும். ஆனால் 200க்கு மேல் போனால் நிலையாக நம்ப முடியாது என்கிறது பிரித்தானிய வயரிங் விதி பிஎஸ் 7671. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஆழமாக அடியுங்கள். உப்பைக் கொட்டாதீர்கள், கிளிப்பைத் தின்றுவிடும்.

ரிப் சுவிச்சில் ‘ரெஸ்ட்’ பொத்தானை அழுத்தினேன், விழுந்தது, ஆகவே எர்த் நல்லது என்று ஒருவர் சொல்கிறார். அந்தப் பொத்தானுக்கும் உங்கள் றொட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. றொட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அழுத்தினாலும் விழும். அது சுவிச்சின் உடம்பைத்தான் சோதிக்கிறது. மாதம் ஒரு தரம் அழுத்துங்கள், நல்லது. றொட்டை அளக்க எர்த் ரெஸ்ரர் வைத்திருக்கிறவர் வர வேண்டும்.

25 ஓகஸ்ட்

மின் கித்தார் இரைகிறது என்று கேட்டவருக்கு: ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற சுருள்) அப்படித்தான் இரையும். 90 பாகை திரும்பி இருந்து பாருங்கள், குறைகிற திசை ஒன்று இருக்கும். அங்கேயே கதிரையைப் போடுங்கள். விசிறி ரெகுலேற்றரை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது நிறுத்துங்கள். ஃபோனை அடுத்த அறையில் வையுங்கள், அழைப்பு வர முன்பு கேட்கிற அந்த ‘ட்ரிரி ட்ரிரி’ 2ஜியின் 217 ஹேர்ட்ஸ்.

14 செப்டெம்பர்

வாணி விழாப் பாட்டு முடிந்ததாம், ஒரு துண்டு அனுப்பினார். சுத்தம். பழைய கூத்துப் பதிவு ஒன்றில் இருக்கிற இரைச்சலை எடுக்க முடியுமா என்று கேட்கிறார். அதில் பாடிய அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவர்) இப்போது இல்லை, திரும்பப் பதிய வழியில்லை.

50, 100, 150 என்று ஒடுங்கிய வெட்டுகள் போடலாம். அண்ணாவியார் குரல் அதைத் தாங்கும். மத்தளம் தாங்காது, அடியின் வயிறு போய்விடும். பாட்டுத் தொடங்க முன்பு ஆட்கள் பேசாத இரண்டு வினாடி எங்காவது இருந்தால் அதை மாதிரியாகக் கொடுத்து மென்பொருளால் பாதி மட்டும் குறையுங்கள். முழுதாக எடுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். நானென்றால் கொஞ்சம் இரைச்சலை விட்டுவிடுவேன். மூலப் பிரதியைத் தொடாமல் தனியாக இரண்டு இடத்தில் வையுங்கள்.

11 ஒக்ரோபர்

இடி தொடங்கிவிட்டது. மாரிக்கு முன்னான இந்த மாதங்களில்தான் மின்னலுக்கு அதிகம் சாமான் போகிறது. சுவர்ச் சுவிச்சை நிறுத்துவது போதாது. அதற்குள் இருக்கிற இடைவெளி சில மில்லி மீற்றர், மின்னல் தாண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், ரவுட்டரின் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள், லப்டொப்பில் ரவுட்டர் வயர் பூட்டியிருந்தால் அதையும். சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறது என்று நம்பி விட்டவர்களுக்கு: அது அந்த மின்னலை எர்த்தில்தான் கொட்ட வேண்டும், உங்கள் எர்த் எந்த நிலையில் என்பதைப் பொறுத்தது.

மைக் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அது எர்த் அல்ல, கெயின் (மைக் சத்தத்தைப் பெருக்குகிற அளவு). தனிக் கேள்வியாகப் போடுங்கள், மைக்கின் மொடலையும் எழுதுங்கள்.